காயாத பலகை

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. அண்ணி நலம். மாதம் ஒருமுறை நீ எழுதும் இரண்டு வரி அவளுக்குப் போதவில்லை.

டீச்சரம்மா வீட்டுத் தோட்டத்துப் பக்கம் நீ போட்ட மரத்தளத்தைச் சீர்செய்ய அவர் என்னைக் கூப்பிட்டார். போன வருஷம் பலகை உடைந்து அவர் கால் முறிந்தபோது, "தச்சன் குடிச்சிட்டு மட்டமான மரத்தப் போட்டுட்டான்" என்று அந்த வேலையை எடுத்த காண்ட்ராக்டர் ஊர் முழுக்கச் சொன்னாரே, அதே தளம்தான். அந்தப் பேச்சுக்கு நீ ஊரையே விட்டுப் போனாய். நான் பெயிண்ட் டப்பாவோடு போனது கூலிக்காக மட்டுமல்ல, அந்த ஆளின் வாயை அடைக்க.

வார்னிஷ் வெந்த தோல் மாதிரி உரிந்தது. சுரண்டி, பூஞ்சையைத் தேய்த்துக் கழுவி, மேலே தார்ப்பாய் கட்டிக் காற்றாட விட்டேன். இங்கே அடிக்கிற சாரலில் காய்வதற்குப் பதினெட்டு நாள் ஆனது. தினமும் தண்ணீரை ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். அதை உறிஞ்சுகிற மரம்தான் வார்னிஷுக்குப் பதில் நான் பூசப்போகும் எண்ணெயையும் குடிக்கும். காண்ட்ராக்டர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "இன்னும் ஊதி ஊதிக் காய வெச்சிட்டா இருக்க?" என்று சிரிப்பார். நான் அடுத்த பலகையில் சொட்டு விடுவேன்.

உளுத்த பலகைகளை மாற்ற வந்த தச்சர் ஒன்றைத் திருப்பிப் போட்டார். அடியில் உன் பென்சில் எழுத்து. தேதி போட்டு, "மரம் காயல. வார்னிஷ் வேணாம்னேன். காண்ட்ராக்டர் கேக்கல. ஞாயிறு திறப்பு விழாவாம்" என்று எழுதியிருந்தாய். ஈரம் வெளியேற வழியில்லாமல் வார்னிஷ் மூடியதால்தான் பலகை உளுத்திருக்கிறது. இதை ஏன் அண்ணா ஒருவரிடமும் சொல்லவில்லை?

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு முறை எண்ணெய் பூசி முடித்ததும், டீச்சரம்மா காண்ட்ராக்டரை வரவழைத்தார். அவரிடம் வேலை கொடுக்க இருந்த அக்கம்பக்கத்தாரும் வந்தார்கள். பலகையை அவர் கையில் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னேன். கண்ணாடி கொண்டு வரவில்லை என்றார். டீச்சரம்மா தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். அதை மாட்டிக்கொண்டு காண்ட்ராக்டர் எழுத்துக்கூட்டும் பிள்ளை போலப் படித்தார். "கேக்கல" என்ற இடத்தில் குரல் இறங்கியது. மறுபடி படிக்கச் சொன்னேன். நீ குடித்திருந்தாய் என்று ஊரெல்லாம் சொன்னது எதற்கு என்று கேட்டேன். "அவசரத்துல சொல்லிட்டேம்மா" என்றார். இரண்டு வீட்டார் அங்கேயே அவரிடம் வேலை வேண்டாம் என்றுவிட்டார்கள்.

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அவர் தலை குனிந்து போனதை நினைத்தால் மட்டும் சோறு இறங்குகிறது.

தளத்திலிருந்து தோட்டத்துக்குப் படி வைக்க வேண்டும். மரம் வாங்கிக் கூரைக்கடியில் அடுக்கியாயிற்று. உன் கையால்தான் ஆகவேண்டும் என்று டீச்சரம்மா ஒற்றைக் காலில் நிற்கிறார். அவரால் குதித்து இறங்க முடியாது, அண்ணா. நீ வரும்வரை நாற்காலியில் இருந்து தோட்டத்தைப் பார்த்துக்கொள்வாராம்.

உன் தங்கை