யானை போன பிறகு எடுத்த படங்கள்

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருக்கிறான். பீரோவை நகர்த்த வேண்டும் என்றான். கனம் குறையட்டும் என்று நம் மகள் மேல்தட்டைக் காலி செய்தாள். உன் புடவைகளுக்கு அடியிலிருந்து அந்த ஆல்பம் வந்தது. திறந்ததும் அந்துருண்டை வாசனையும், படங்களோடு பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு நாள்பட்டுப் போன வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறின. அதற்குப் பிறகு சுண்ணாம்பு வாசனை எனக்குத் தெரியவில்லை. நீதான் பக்கத்தில் உட்கார்ந்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவது போல் இருந்தது.

எனக்குத்தான் எழுத்து வராதே. நான் சொல்லச் சொல்ல நம் மகள் எழுதுகிறாள். குன்றத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் வந்துவிடுகிறாள், சோறு ஆக்கி வைத்துவிட்டு சாயங்காலம் கிளம்பிவிடுகிறாள். நான் 'கீது' என்று சொன்னால் அவள் 'இருக்கிறது' என்று திருத்தி எழுதுகிறாள். உனக்குப் படித்துக் காட்டினால் சிரிப்பாய்.

வெள்ளையடிக்கிற பையன் ஏணியிலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னா தாத்தா, வெறும் செடியா கீது? எங்க எடுத்தது, நம்ம ஒரகடம் ரோடா?"

"முதுமலைக் காடுடா. நானும் பாட்டியும் மிருகம் பாக்கப் போனப்ப எடுத்தது."

"மிருகம் எங்க தாத்தா?"

முதல் படத்தில் விரலை வைத்தேன். "இந்தப் புதர்ல ஒரு காட்டெருமை நின்னுச்சு. கருங்கல்லு மாதிரி ஒடம்பு. நாலு காலுக்கும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும்." அடுத்த படத்தில் வைத்தேன். "இங்க புள்ளிமான் கூட்டம். ஒண்ணு மட்டும் காது கிழிஞ்சது." வெறும் வானமும் ஒரு கிளையின் நுனியும் விழுந்த படத்தில் வைத்தேன். "இது யானை."

அவன் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பெரியவருக்கு வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பான். நீ இருந்திருந்தால், "ஆமாப்பா, யானைதான், நானே பாத்தேன்" என்று சொல்லியிருப்பாய். நீ போன பிறகு எனக்குக் குறைந்து போனது அந்த ஒரு வார்த்தைதான். எந்தப் புதரில் எது நின்றது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். இப்போது நான் மட்டும்தான். நானும் போய்விட்டால் அந்தக் காட்டெருமை வெறும் புதராகவே ஆகிவிடும்.

தொண்ணூற்றொன்றாம் வருடம், பொங்கல் கழிந்து போன டூர் அது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நீ வேலை செய்த கம்பெனியில், பேக்கிங் லைனில் இருந்த பெண்கள் எல்லாரும் வருடா வருடம் சீட்டுப் போட்டு பஸ் எடுப்பீர்கள். எப்போதும் கோயில்தான். பழனி, திருப்பதி, சமயபுரம். அந்த வருடம் நீதான் மல்லுக்கு நின்றாய்.

"சாமி எங்க போவப்போவுது? அங்கியேதான் இருக்கும். யானை அப்படி இருக்குமா? போய்ப் பாத்துட்டு வந்துரலாம்."

லைன் முழுவதும் சிரித்ததாம். ஆனால் பஸ் ஊட்டிக்கும் முதுமலைக்கும்தான் கிளம்பியது. புருஷனைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்றார்கள். நானும் ஒரு மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஏறினேன்.

துபாயிலிருந்து வந்த உன் தம்பி, கைக்குள் அடங்குகிற மாதிரி ஒரு கேமரா கொடுத்திருந்தான். படம் எடுத்ததும் கட்டை விரலால் ஒரு சின்னச் சக்கரத்தைத் தள்ள வேண்டும். பஜாரில் இருந்த ஸ்டூடியோக்காரரிடம் போய் ரோல் போட்டுக்கொண்டு வந்தாய். நான் வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவர் உனக்குச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "எது எடுத்தாலும் மூஞ்சி நல்லா வுழணும்மா. மூஞ்சி வுழாத படம் படமே இல்ல." கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் எடுக்கிற மனுஷன். அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். நீ அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாய்.

காட்டு இலாகா வேனில் நாம் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். காலையில் பனி விலகாத நேரம். டிரைவர் கழுத்தைத் திருப்பி, "யாரும் பேசக் கூடாது, கைய வெளிய நீட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரத்திலேயே மான் கூட்டம். வேன் நின்றது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நீ கேமராவைக் கண்ணில் வைத்தாய். வைத்தபடியே இருந்தாய்.

"எடுமே" என்றேன் காதோரம்.

"இரு. எல்லாம் பின்னாடி காட்டிக்கினு கீது. மூஞ்சி திரும்பட்டும்."

"மானுக்கு இன்னா மூஞ்சி? எடு."

"யோவ், உன்ன முதுகுப் பக்கமா எடுத்தா நீ ஒத்துக்குவியா?"

முன்சீட்டில் உன்கூட வேலை செய்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நீ மானைப் பார்த்து, ஸ்டூடியோக்காரர் குழந்தைகளைக் கூப்பிடுவது போல, "ராசா, இங்க பாரு, இங்க பாரு" என்றாய். காது கிழிந்த மான் பார்த்தது. நேராக உன்னைத்தான் பார்த்தது. நீ பட்டனை அழுத்துவதற்குள் மொத்தக் கூட்டமும் ஒரே தாவலில் போய்விட்டது. படத்தில் விழுந்தது ஆடிக்கொண்டிருந்த புல்.

காட்டெருமையும் அப்படித்தான். அது பக்கவாட்டில் மலை மாதிரி நின்றது. அத்தனை பேரும் பார்த்தோம். நீ மட்டும் அதன் முகத்துக்காகக் காத்திருந்தாய். அது அலுத்துப் போய் உள்ளே நடந்தது.

யானை வந்தபோது நான் உன் கையைப் பிடித்து அழுத்தினேன், இதையாவது எடு என்று. அது மூங்கிலை ஒடித்துக்கொண்டு, நமக்கு வாலைக் காட்டிக்கொண்டு நின்றது. நீ அசையவில்லை. யானை திரும்பியது. முழு முகம். நெற்றியில் மண் அப்பியிருந்தது, ஒரு தந்தம் குட்டை. காதை விரித்தது. டிரைவர் வேனைப் பின்னால் ஓட்டினார். அந்தக் குலுக்கலில் நீ அழுத்தியதுதான் வானமும் கிளை நுனியும்.

"வுழுந்துச்சா?" என்று நான் கேட்டேன்.

"கண்ணு கூட வுழுந்துருக்கும்" என்றாய். அவ்வளவு நிச்சயமாகச் சொன்னாய்.

படம் வாங்கப் போன அன்றைக்கு ஸ்டூடியோக்காரர் கவரை மேசை மேல் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இன்னாம்மா, காடு காடா எடுத்து வெச்சுக்கீற? பாதிக்கு மேல பிரிண்டே போட வேணான்னு பாத்தேன்." நீ ஒவ்வொன்றாகப் பார்த்தாய். உன் முகம் சுருங்கியது. நான் யானைப் படத்தை எடுத்து, "தோ, இங்க நின்னுச்சுல்ல, ஒரு தந்தம் குட்டையா?" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். பிறகு சிரித்துவிட்டாய். "ஆமாயா. நெத்தியில மண்ணு." அங்கேயே ஆல்பமும் வாங்கினோம்.

அதிலிருந்து யார் வீட்டுக்கு வந்தாலும் அதுதான் நமக்கு வேலை. நீ படத்தைப் பிடிப்பாய், நான் கதை சொல்வேன். போகப் போக யானை பெரிதாகிக்கொண்டே போனது. ஒரு தடவை நான் தும்பிக்கை வேனுக்குள் வந்தது என்று சொல்லிவிட்டேன். நீ மறுக்கவில்லை. "என் தோள தொட்டுச்சு" என்று சேர்த்துச் சொன்னாய். பார்க்க வந்தவர்கள் படத்தை மறந்துவிட்டு நம் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் கடைசிப் படத்துக்கு மட்டும் நீ என்னைக் கதை சொல்ல விட்டதில்லை. அந்தப் பக்கம் வந்ததும் அதை உருவி அடியில் செருகிவிடுவாய்.

அதில் ஒரு ரோடு. மண்ணில்லை, தார் ரோடு. வளைந்து போய் பனிக்குள் மறைகிறது. இரண்டு பக்கமும் உயர மரங்கள். வேறு ஒன்றும் இல்லை. திரும்பி வருகிற அன்றைக்கு டீ குடிக்க பஸ் நின்றபோது எடுத்தாய் என்பது மட்டும் தெரியும். நான் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். எல்லாப் படத்திலும் எது நின்றது என்று எனக்குத் தெரியும். இதில் மட்டும் தெரியாது. கண்ணை மூடினால் நாம் குடியேறிய அன்றைக்கு இந்த வீட்டுக் கூரையில் எத்தனை ஓடு உடைந்திருந்தது என்பது வரை சொல்லுவேன் என்று ஊரே சொல்லும். அப்படிப்பட்டவனுக்கு அந்த ரோட்டைப் பற்றி மட்டும் ஞாபகம் இல்லை. நான் அங்கே இல்லையே.

ஒருமுறை வந்தவர்களிடம், "இது புலி. ரோட்ட தாண்டிப் போச்சு" என்று நானாகச் சொல்லிப் பார்த்தேன். நீ வெடுக்கென்று பிடுங்கினாய்.

"யோவ், அதுல புலி இல்ல. கம்முனு கெட."

"அப்ப இன்னாதான் இருந்துச்சு?"

"அது எனக்கு."

அதற்கு மேல் கேட்க விடமாட்டாய். கரடியா என்பேன், சிறுத்தையா என்பேன். உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டுவாய். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்டிருக்கலாம். அந்த நேரத்தில் போய் இதைக் கேட்டால், நீ திரும்பி வரமாட்டாய் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். வீட்டுக்கு வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நம் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். பேனாவை மூடி வைத்துவிட்டாள்; இனி வருவது எழுத்தில் இல்லை, மனசுக்குள் உனக்குச் சொல்வது. என்னம்மா என்றேன்.

"அம்மா எங்கிட்ட சொல்லிக்கீறாங்கப்பா."

படத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அவளுக்குப் பெரியவன் பிறந்திருந்த சமயமாம். வீடு நிறைய ஆள். புருஷன் வீட்டு மனிதர்கள், குழந்தை பார்க்க வந்தவர்கள். இவள் ஒரு நாள் தாங்காமல் குளிக்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாளாம். நீ கதவைத் தட்டாமல் வெளியே வாசற்படியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாயாம்.

"அந்தப் படத்துல ஒண்ணுமே இல்லமே. எதனா வரும்னுதான் போய் நின்னேன். எதுவும் வரல. எல்லாம் டீக்கடையில இருந்தாங்க. உங்கப்பா தூங்கிக்கினு இருந்தாரு. ஒருத்தரும் என்ன கூப்படல. பொறந்ததுலேர்ந்து அப்படி ஒரு நேரம் எனக்கு வந்ததே இல்ல. ரோல்ல ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. அத்த எடுத்துக்கினு வந்துட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. வெள்ளையடிக்கிற பையன் திரும்பிப் பார்த்தான்.

நம் மகள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "நானும் கேட்டேன்பா. 'அந்தாளு கிட்ட சொன்னா அதுக்கும் ஒரு கதை கட்டி ஊருக்கே சொல்லிருவாரு' அப்படின்னாங்க."

முதலில் கோபம்தான் வந்தது. நான் தூங்கியதில் உனக்கு அவ்வளவு நிம்மதியா என்று. பிறகு யோசித்துப் பார்த்தேன். ஏழெட்டுப் பிள்ளைகளில் ஒருத்தியாய்ப் பிறந்தாய். என் அம்மாவும் தம்பிகளும் இருந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தாய். லைனில் முழங்கைக்கு முழங்கை இடிக்க நின்று வேலை செய்தாய், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தாய். வந்ததும் நான் கூப்பிடுவேன். தண்ணி எங்கே, துண்டு எங்கே. யாரும் கூப்பிடாத நேரம் உனக்கு எது? முதுமலையில், ஒரு டீ குடிக்கிற நேரம்.

உனக்கு ஒரே ஒரு தரம் கிடைத்து, தொலைந்துவிடுமோ என்று படம் பிடித்து வைத்துக்கொண்ட அந்த நேரம், எனக்கு இப்போது நாள் முழுக்கக் கிடைக்கிறது. மகள் கிளம்பிப் போனால், அடுத்த ஞாயிறு வரை என்னைக் கூப்பிட ஆளில்லை. வாசலில் கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன, இறக்கிவிட்டுப் போகின்றன. எதுவும் இந்த வீட்டுக்காக நிற்பதில்லை. நீ அந்த ரோட்டில் நின்று ஆசைப்பட்டது இதுதானா என்று கேட்கத் தோன்றுகிறது. இருக்காது. உனக்குப் பின்னால் பஸ் நின்றிருந்தது. அதில் நான் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி ஏறிக்கொள்ளலாம் என்று உனக்குத் தெரியும்.

மகள் போன பிறகு பையன் தூரிகையைக் கழுவிக்கொண்டே வந்தான். ஆல்பம் திறந்தபடி கட்டிலில் கிடந்தது.

"தாத்தா, இந்த ரோட்டுல இன்னா நின்னுச்சு?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது. எனக்குத் தெரியும் இப்போது. நல்ல கதை. சொன்னால் அவன் ஏணியையே மறந்துவிட்டுக் கேட்பான்.

படத்தை உருவி, அடியில் செருகினேன்.

"யானையக் காட்டறேன் வா" என்றேன்.

அவன் வீட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு அதை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டேன். இத்தனை வருடம் அதில் ஒரு மிருகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் ரோட்டைப் பார்த்தேன். நல்ல ரோடுதான். பனி மெல்ல நகருகிற மாதிரி இருக்கிறது. நீ இந்தப் பக்கம் நிற்கிறாய், படத்தில் தெரியமாட்டாய். நான் பஸ்ஸிலிருந்து இறங்கி உனக்குப் பின்னால் வந்து நிற்கிறேன். கூப்பிடவில்லை. நீயாகத் திரும்பும்வரை நிற்கிறேன்.