இரண்டு விசில் இருந்த பை

பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் சட்டைப் பையில் விசிலோடு போன என் மாப்பிள்ளை தேவாவுக்கு,

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. டோல்கேட்டில் என் ஷேர் ஆட்டோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எர்ணாவூர்ப் பக்கம் ரோட்டை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். என் தங்கச்சி மேகலா நன்றாக இருக்கிறாள். இந்த ஒரு வரியை உனக்கு எழுத எனக்கு இத்தனை நாள் ஆனது. அவள் எப்படித் தேறினாள் என்று சொன்னால் என் மானம் கொஞ்சம் கப்பலேறும், ஏறட்டும்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். ராயபுரத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் நீ கிரேன் மெக்கானிக். ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னை வீட்டில் பார்க்க முடியாது. ஊத்துக்கோட்டையைத் தாண்டி, ஆந்திர எல்லையில் ஏதாவது ஒரு மலையில் ஏறிக்கொண்டிருப்பாய். முதுகில் அந்தக் காக்கிப் பை. அதற்குள் கயிறு, கத்தி, முகம் பார்க்கும் கண்ணாடி, மெழுகில் முக்கிய தீக்குச்சி, யார்டில் கிழிந்துபோன ஆரஞ்சுத் தார்ப்பாயில் வெட்டியெடுத்த ஒரு துண்டு.

"மாப்ள, திருவொத்தியூருக்குப் புலி வந்தா எந்த பஸ்ல வரும்?" என்று நான் கேட்காத நாள் கிடையாது. நீ ஒரு தடவைகூடக் கோபப்பட்டதில்லை. "புலியெல்லாம் மேட்டரே இல்ல மச்சான். வழி தப்புறதுதான் மேட்டரு. தப்பிட்டோம்னு ஒத்துக்காம நடந்துகினே இருப்பான் பாரு, அவன்தான் சாவான்" என்பாய். நான் சிரிப்பேன். இருபது வருஷம் வண்டி ஓட்டியவன் நான், யாரிடமும் வழி கேட்டதில்லை.

நீ போன அன்றைக்குக் காலையில் என் ஆட்டோவில்தானே ஸ்டேஷனுக்கு வந்தாய்? நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றாய். வாயுவாக இருக்கும், ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும் என்று நான்தான் சொன்னேன். நீ பாதி சோடா குடித்துவிட்டு ரயில் ஏறினாய். ராயபுரத்தில் எல்லோரும் இறங்கியபோது நீ மட்டும் எழுந்திருக்கவில்லை. அந்தச் சோடா விஷயத்தை நான் ஒரு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

மேகலா அழவில்லை, மாப்ள. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. உன் பேச்சை எடுத்தாலே எரிந்து விழுவாள். "காட்ல எப்டிப் பொழைக்கறதுன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தாரு. ரயில்ல குந்திகினே பூட்டாரு. அந்தப் பையத் தூக்கிக் கடல்ல கடாசு" என்பாள். சரி என்று நான் கையை வைத்தால், தட்டிவிடுவாள். ஆணியில் மாட்டிய பை மாட்டியபடியே இருந்தது. அவளும் திறக்கவில்லை.

வருஷப் படையல் போட்ட மறுநாள் என்னைக் கூப்பிட்டாள். "அப்டி இன்னாதான் கீது அந்த மலைல? ஒரு தபா நான் பாக்கணும்" என்றாள். அந்த வாரமே கிளம்பினோம், நாங்கள் இருவர் மட்டும். பையை அவளே தோளில் மாட்டிக்கொண்டாள். நான் கேட்டும் தரவில்லை.

மலையடிவாரத்தில் வனத்துறை செக்போஸ்ட். அங்கே இருந்தவர், ஓடையை ஒட்டியே போய்ச் சுனையைப் பார்த்துவிட்டு, வந்த வழியே மூன்று மணிக்குள் திரும்பிவிடுங்கள் என்றார். நான் தலையாட்டிவிட்டு நடந்தேன். மேகலா நின்று ஒரு சீட்டில் எழுதி அவரிடம் கொடுத்தாள். எங்கள் பெயர், போகும் இடம், திரும்பும் நேரம். "மூணு மணிக்கு வரலன்னா தேடி வாங்க சார்" என்றாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. மலைக்குக் கிளம்பும்போதெல்லாம் நீ பிரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டுப் போவாயே, அதே சீட்டு. பார்க்காத மாதிரி இருந்தவள் எல்லாவற்றையும் பார்த்துத்தான் இருக்கிறாள்.

சுனை அழகாக இருந்தது. அவள் காலை நனைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போதுதான் என் புத்தி வேலை செய்தது. ஓடை சுற்றிக்கொண்டு போகிறதே, இந்தச் சரிவில் புகுந்தால் சட்டென்று இறங்கிவிடலாமே என்று தோன்றியது. சந்தில் புகுந்து சிக்னலைத் தவிர்க்கிற புத்தி. கால் மணி நேரத்தில் ஓடைச் சத்தம் நின்றுவிட்டது. பாதையும் இல்லை. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

அப்போதும் நான் அசரவில்லை. ரோடு கிழக்கே இருக்கிறது என்பது தெரியும். மணி ரெண்டு, வானம் முழுக்க மேகம். ஆனால் முகத்தில் காற்று அடித்தது. நம் ஊரில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மத்தியானத்துக்கு மேல் காற்று கடலிலிருந்து வரும், கடல் கிழக்கு, காற்றுக்கு எதிரே நடந்தால் கிழக்கு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கண்ணை மூடிக்கொண்டு இதை நம்பலாம். "வா, நான் கூட்டிகினு போறேன்" என்று முக்கால் மணி நேரம் காற்றுக்கு எதிரே நடத்தினேன். காடுதான் அடர்ந்துகொண்டே போனது.

ஒரு பாறையில் மேகலாவின் கால் சறுக்கியது. கணுக்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து மேகம் விலகி, நேர் எதிரே வெயில் அடித்தது. அவள் வலியிலும் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணா, சூரியன் சாயந்தரம் எந்தப் பக்கம் எறங்கும்?"

நான் கண்ணுக்குமேல் கையை வைத்து எதிரே பார்த்தேன்.

"நம்ம ஊர்லகூட அது கடல்ல எறங்காதுண்ணா."

மலையிடுக்கில் காற்று பள்ளத்தாக்கு போகிற போக்கில் வரும், கடலையெல்லாம் கேட்காது என்று இப்போது தெரிகிறது. முக்கால் மணி நேரம் மேற்கே, மலைக்குள்ளே அவளை இழுத்துப் போயிருக்கிறேன். இருட்டுவதற்குள் நான் ஓடிப்போய் ஆளைக் கூட்டி வருகிறேன், நீ இங்கேயே இரு என்றேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு பேர் போனா ரெண்டு பேரா இருக்கணும். அவுரு சொல்லிகினே இருப்பாரு. நீ போனா உன்னையும் தேடணும்" என்றாள். பிறகு, ஒரு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக, உன் பையைத் திறந்தாள்.

மூடியின் உட்பக்கம் மார்க்கரில் உன் கையெழுத்து. நான் சத்தமாகப் படித்தேன். "நில். உட்கார். தண்ணீர் குடி. பயமாக இருந்தால் வாய்விட்டுச் சொல். பிறகு யோசி." படித்து முடித்ததும் கண் மறுபடி நாலாவதற்கே போனது.

"சொல்லுண்ணா" என்றாள்.

"பயமா கீது மேகலா" என்றேன். சொன்னதும் அணை உடைந்த மாதிரி மற்றதும் வந்துவிட்டது. "சோடா குடிச்சா சரியாப்பூடும்னு நான்தான் சொன்னேன். அவன் நெஞ்சு வலிக்குதுன்னான், நான் சோடா வாங்கிக் குடுத்து ரயில் ஏத்தி உட்டேன்."

"என்னாண்டயும் சொன்னாருண்ணா" என்றாள் மேகலா. "காலைலயே சொன்னாரு. ரெண்டு வாய் ரசம் குடிச்சிட்டுக் கெளம்புன்னேன்."

உன்மேல் அவளுக்கு இருந்த கோபம் முழுக்க இதுதான், மாப்ள. ஒரே குற்றத்தை ஆளுக்கொரு வீட்டில் ஒரு வருஷம் ஒளித்து வைத்திருந்தோம்.

அப்புறம் பையில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். எல்லாம் ரெண்டு ரெண்டாக இருந்தது. ரெண்டு மழைக்கோட்டு, ரெண்டு தண்ணீர் பாட்டில், ரெண்டு விசில். ஒரு விசிலில் சிவப்பு நூல் கட்டியிருந்தாய். அடியில் ஒரு பழைய மூக்குக் கண்ணாடி. "இது என்னுதுண்ணா. காணோம்னு ஒரு வாரம் தேடுனேன். அவுரும் கூடவே தேடுனாரு" என்றாள். கட்டிலுக்கு அடியில் புகுந்துகூடத் தேடினாயாமே, திருட்டுப்பயலே.

"ஒவ்வொரு தபாவும் கூப்டாருண்ணா. நீயும் வாயேன்னு. போய்ட்டா சோறு யாரு ஆக்கறதுன்னுடுவேன்." அந்தக் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு வருஷ அழுகை. நான் தடுக்கவில்லை.

அழுது முடித்ததும் அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். கணுக்காலை நான் துணியால் இறுக்கிக் கட்டினேன். ஆரஞ்சுத் தார்ப்பாயை வெட்டவெளியாக இருந்த பாறைமேல் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தோம். தீ மூட்டட்டுமா என்றேன். சுற்றிலும் காய்ந்த சருகு, காட்டையே கொளுத்தப் போகிறாயா என்று திட்டினாள். வெயில் இருக்கும் வரை உன் முகம் பார்க்கும் கண்ணாடியை எதிர் மலைப் பக்கம் திருப்பித் திருப்பி மின்ன விட்டேன். ஆபத்து என்றால் மூன்று என்பாயே, அதே மாதிரி அவள் சிவப்பு நூல் விசிலை எடுத்து மூன்று முறை ஊதினாள். கொஞ்சம் நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டு, மறுபடி மூன்று. மூச்சு வாங்கியபோது நான் உன்னுடையதை எடுத்து ஊதினேன்.

ஐந்து மணிக்கு மேல், கீழேயிருந்து ஒரு கூவல் கேட்டது. செக்போஸ்ட்காரர் இன்னொரு ஆளோடு மேலே ஏறி வந்தார். மூன்று மணிக்கே சீட்டை எடுத்துப் பார்த்தாராம். ஓடைப் பக்கமே தேடிக்கொண்டிருந்தவர்களை விசில்தான் இந்தப் பக்கம் திருப்பியிருக்கிறது. பாறைமேல் தார்ப்பாயைப் பார்த்ததும் ஆள் இங்கேதான் என்று தெரிந்துவிட்டதாம்.

"மூணு மூணா ஊதுனீங்களே, அது தெரிஞ்சவங்க ஊதுறதாச்சே. யாரு ஊதுனது?" என்று கேட்டார்.

மேகலா மூச்சு வாங்கிக்கொண்டே, "எங்க வூட்டுக்காரரு" என்றாள்.

அவர் எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தார். பாறைக்கு அந்தாண்டையும் போய்ப் பார்த்தார். "அவரு எங்கம்மா?" என்றார். நாங்கள் ரெண்டு பேரும் சிரித்துவிட்டோம், மாப்ள. அந்த மனுஷன் எங்களைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. போன மாதம் டோல்கேட்டில் வண்டியைத் தள்ளி ஓரம் கட்டும்போது எனக்கு நெஞ்சை அடைத்தது. சோடாக் கடை நாலடி தூரம். கால் அந்தப் பக்கம்தான் போனது. அப்புறம் என்ன தோன்றியதோ, நின்றேன். பிளாட்பாரத்தில் உட்கார்ந்தேன். மேகலாவுக்குப் போன் போட்டு, "நெஞ்சு ஒரு மாதிரி கீது. பயமா கீது" என்று சொன்னேன். அவள் ரசம் என்றும் சொல்லவில்லை, வாயு என்றும் சொல்லவில்லை. "எழுந்திருக்காத, வந்துகினே கீறேன்" என்றாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஈசிஜி பார்த்துவிட்டு, நேரத்தோடு வந்தீர்கள், நடந்து திரிந்திருந்தால் கதை வேறு என்றார். அதனால்தான் இந்தக் கடிதம் எழுத நான் இருக்கிறேன். உன்னைக் கிண்டல் பண்ணிய வாய்க்கு நீ கொடுத்த கூலியைப் பார்த்தாயா?

மேகலா பையை மறுபடி கட்டி வைத்திருக்கிறாள். எல்லாம் பழையபடி ரெண்டு ரெண்டு. நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையும் அதில் ஒரு அட்டை இருக்கிறது. உன் பையில் இல்லாமல்போனது அது ஒன்றுதான். சிவப்பு நூல் விசில் அவள் கழுத்தில். உன்னுடையது என் ஆட்டோ ஹேண்டில்பாரில் தொங்குகிறது. ஏறுகிறவர்கள் என்ன அண்ணே கண்டக்டர் ஆகிவிட்டீர்களா என்று கேட்கிறார்கள். கேட்கட்டும்.

அடுத்த வருஷமும் அந்தச் சுனைக்கு அவளைக் கூட்டிப் போவேன், மாப்ள, ஓடையை ஒட்டியே. வழி தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்வேன். பயமாக இருந்தால் அதையும் சொல்வேன். உன்னிடம் நான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், உட்காருடா என்று. இனிமேல் என் வண்டியில் ஏறி நெஞ்சைப் பிடிக்கிற யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

இருபது வருஷம் கழித்து வழி கேட்கப் பழகிய,
உன் மச்சான்
குமார்