குழாயில் கோளாறு இல்லை

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். நீயும் குழந்தைகளும் சுகம்தானே? இங்கே சுகம் என்று பொய் எழுத மனம் வரவில்லை. போனிலும் சொல்ல முடியாது. கடைக்குப் பின்னால் இருப்பது ஒரே அறை, உன் அண்ணன் காதில் விழும்.

கல்யாணமாகிப் போகும்வரை நீ பார்த்துப் பார்த்துத் துடைத்து வைத்தாயே, அந்தக் காப்பிக்கொட்டை வறுக்கும் மெஷின் எங்கள் உயிரை வாங்குகிறது. ஒன்றரை மாதமாக வறுத்ததெல்லாம் புகை நாற்றம். புகை குழாய் வழியாகப் போகாமல் முன்பக்கமே தள்ளுகிறது. போன வாரம் குழாயில் தேங்கியிருந்த கொட்டை உமி பற்றிக்கொண்டது. கேஸையும் ஃபேனையும் நிறுத்தி அது அடங்கும்வரை கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். நம்மிடம் கொட்டை வாங்கும் ஓட்டல்காரர் மறுபடியும் மூட்டையைத் திருப்பிவிட்டார். "இன்னும் ஒரு வாட்டி பாக்கறேம்மா. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்றார். அவரும் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

உன் அண்ணன் பிடிகொடுத்தே பேசுவதில்லை. நேற்று பக்கத்திலேயே பால் அடிப்பிடித்துக் கருகுகிறது, அவர்பாட்டுக்குப் பேப்பர் படிக்கிறார். கவலையில் மனுஷனுக்கு எதுவும் உறைக்கவில்லை. நான் என்ன செய்யட்டும், நீயே சொல்.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 8

அன்புள்ள அண்ணிக்கு,

படித்த கையோடு எழுதுகிறேன். நெருப்பு விஷயம், தள்ளிப் போடாதீர்கள்.

புகை முன்னால் வருகிறதென்றால் காற்று பின்னால் இழுக்கவில்லை, அவ்வளவுதான். மெஷின் நன்றாக ஆறியபின் ஃபேன் மூடியைக் கழற்றுங்கள். இறக்கைகளில் எண்ணெய்ப் பிசுக்கு தார் மாதிரி ஒட்டியிருக்கும், சுரண்டி எடுங்கள். உமி விழும் டப்பாவைக் காலி செய்யுங்கள். குழாய் வளைகிற இடத்தில் பிரஷ் விட்டு இழுங்கள். மொட்டை மாடியில் குழாய் வாயில் ஒரு வலை இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். எல்லாம் முடிந்ததும் ஃபேனைப் போட்டு, கொட்டையை எடுத்துப் பார்க்கும் கரண்டித் துவாரத்தில் மெல்லிய காகிதம் பிடியுங்கள். இழுத்து ஒட்டிக்கொண்டால் சரி. விழுந்தால் இன்னும் அடைப்பு.

அதுசரி, உங்கள் புருஷன், அந்த மூக்கன், என்ன செய்கிறான்? பள்ளிக்கூடப் பையில் நான் ஒளித்த கொய்யாவை வாசலில் நின்றே கண்டுபிடித்தவன் ஆயிற்றே. அவனுக்கா புகை நாற்றம் தெரியாது? சோம்பேறித்தனம், வேறென்ன. இதை அவனிடமே காட்டுங்கள், ரோஷம் வரட்டும்.

உங்கள்,
நாத்தனார்

மார்ச் 14

அன்புள்ள தங்கைக்கு,

ஒன்று விடாமல் செய்தேன். ஃபேனிலிருந்து ஒரு கிண்ணம் தார் வந்தது. வலை பாதி அடைத்திருந்தது. காகிதத்தைக் காட்டினால் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

காலையில் அவர் வறுத்தார். மறுபடியும் அதே புகை. வறுவல் நடுவிலேயே காகிதத்தைப் பிடித்தேன், பொத்தென்று கீழே விழுகிறது. சும்மா ஓடும்போது இழுக்கிற மெஷின் வறுக்கும்போது ஏன் இழுக்கவில்லை? பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. இருபத்தெட்டாம் தேதி ஓட்டலுக்குக் கொடுத்தாக வேண்டும்.

உன் கடிதத்தைக் காட்டினேன். படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

அண்ணி

மார்ச் 19

அண்ணி,

அப்படியென்றால் குழாயில் கோளாறு இல்லை. குழாயின் கழுத்தில் டேம்பர் என்று ஒரு தகடு இருக்கிறது. அதன் கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. வறுவல் நடுவில் யாரோ அதை மூடுகிறார்கள். இனி மெஷினைப் பார்க்காதீர்கள், அண்ணன் கையைப் பாருங்கள். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. உடனே எழுதுங்கள்.

மார்ச் 29

அன்புள்ள தங்கைக்கு,

பார்த்தேன். பாதி வறுவலில் அவரேதான் கைப்பிடியைக் குறுக்கே திருப்பினார். கரண்டியை மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்து, கண்ணை மூடி அந்தப் புகையை இழுத்தார். இருமினார். மறுபடியும் இழுத்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"என்னங்க பண்றீங்க? கடையையே கொளுத்தப் போறீங்களா?"

"இவ்வளவு புகை இருந்தாத்தான் ஏதோ கொஞ்சம் தெரியுது" என்றார். "பொங்கலப்ப எனக்குக் காய்ச்சல் வந்துச்சில்ல, அதுலேருந்து ஒண்ணுமே தெரியலை. பால் கருகினதும் தெரியலை. உன்கிட்ட எப்படிச் சொல்றது? இந்த மூக்கை வெச்சுத்தானே நமக்குச் சோறு."

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வாசனை திரும்பி வரலாம், வராமலும் போகலாமாம்.

டேம்பரைத் திறந்து வைத்துக் கைப்பிடியைக் கம்பியால் கட்டிவிட்டேன். மறுநாள் வறுக்கும்போது அவர் கை அதைத் தேடிப் போயிற்று, கம்பியைத் தொட்டுத் திரும்பி வந்தது. கரண்டியை என்னிடம் கொடுத்தார்.

"நீ மோந்து சொல்லு."

முதலில் ஈர வைக்கோல் என்றேன். பிறகு ரொட்டி சுடுகிற மாதிரி என்றேன்.

"இப்ப?"

"நல்லாருக்குங்க."

"எப்படி நல்லாருக்கு? சரியாச் சொல்லுடி."

"கடையிலேருந்து நீங்க உள்ள வந்தா உங்க சட்டையில வருமே, அந்த வாசனை."

"இறக்கு" என்றார். கொட்டையை இறக்கினேன்.

நேற்று மூட்டை ஓட்டலுக்குப் போயிற்று. இன்னும் திரும்பி வரவில்லை. தெருவில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டாலே எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

துவைக்க எடுத்த சட்டையில் உன் கடிதம் இருந்தது. எத்தனை முறை பிரித்துப் படித்தாரோ, மடிப்பில் கிழிந்துபோயிருக்கிறது. அடுத்த கடிதத்தை அவருக்கே எழுது. மூக்கன் என்று எழுதாதே. அண்ணா என்று எழுது.

அன்புடன்,
அண்ணி