சின்ன ர, பெரிய ற

ஜூன் 3, செவ்வாய்

வலைப்பூவுக்கு ஒரு பெயர் வைக்க மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். மகளுக்குப் பெயர் வைத்தபோதுகூட இவ்வளவு யோசிக்கவில்லை. அவள்தான் விடுதியிலிருந்து போனில் எல்லாம் சொல்லித் தருகிறாள். "பேரை அப்புறம் மாத்திக்கலாம்மா. முதல்ல ஏதாவது எழுதுங்க." எழுதத்தானே வரவில்லை!

கடைசியில் 'கொஞ்சம் காது கொடுங்க' என்று வைத்தேன். காது மெஷின் விற்கும் கடையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள் வேறு என்ன வைப்பாள்? வீட்டுக்காரரிடம் காட்டினேன். "கொடுத்தா திருப்பித் தருவியா?" என்றார். முதல் விமர்சனம்.

ஜூன் 5, வியாழன்

ஒரு பதிவு எழுதினேன். 'மானுட வாழ்வின் மௌனங்கள்' என்று ஆரம்பித்தது. மத்தியானம் கடையில் ஆள் இல்லாதபோது படித்துப் பார்த்தேன். யார் இந்தப் பெண்? எனக்கே அவளைப் பிடிக்கவில்லை. அழித்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்தேன். போன வாரம் கடைக்கு வந்த தம்பதியை எழுதினேன். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, இவதான் முணுமுணுக்கிறா" என்றார் அவர். "நான் முணுமுணுக்கிறது மட்டும் இவருக்கு எப்படித்தான் கேக்குதோ" என்றார் அந்த அம்மா.

'வெளியிடு' என்பதை அமுக்கினேன். சாயங்காலத்துக்குள் பத்துப் பதினைந்து பேர் படித்திருந்தார்கள்! துள்ளிக் குதித்து மகளிடம் சொன்னேன். "அதுல முக்கால்வாசி நீங்களே திறந்து திறந்து பார்த்ததும்மா."

பரவாயில்லை. நானும் ஒரு வாசகிதானே.

ஜூன் 14, சனி

அக்காவுக்குப் போன் செய்தேன். ஆசையாக, "நான் எழுத ஆரம்பிச்சிருக்கேன்க்கா" என்றேன். "சரி சரி, உடம்பைப் பார்த்துக்கோ" என்று வைத்துவிட்டாள்.

உடம்பா? நான் எழுத்தைப் பற்றிச் சொன்னால்?

ஒரு வருஷமாக இப்படித்தான். முன்பெல்லாம் நாள் முழுக்கப் பேசினாலும் பேச்சுத் தீராது எங்களுக்கு; இப்போது நாலே வார்த்தை. நான் என்ன தப்பு பண்ணிட்டேன்? கோபம்னா வாயத் திறந்து சொன்னாத்தானே தெரியும்?

வந்த ஆத்திரத்தில் அதையே எழுதி, திரும்பப் படிக்காமல் வெளியிட்டுவிட்டேன். தடுமாறாமல் எழுதிய முதல் பதிவு இதுதான். ஆனால் கூடப் பிறந்தவளை நாலு பேர் பார்க்க எழுதலாமா?

ஜூன் 15, ஞாயிறு

பதிவின் கீழே, பெயர் போடாமல் ஒரு கருத்து:

'மக்கு. குரைப்பது நாய். நான் பேச்சைக் குறைத்தது ஏன் என்று ஒரு தடவையாவது கேட்டாயா?'

போய்ப் பார்த்தால், ஐயோ! 'அக்கா என்னிடம் பேசுவதைக் குரைத்துவிட்டாள்' என்று தட்டியிருக்கிறேன். சின்ன ர. பெரிய ற-வுக்கு ஷிப்ட்டை அமுக்க வேண்டும். ஆத்திரக்காரிக்கு ஷிப்ட் எங்கே நினைவில் இருக்கும்?

உலகத்தில் என்னை மக்கு என்று கூப்பிட ஒருத்திக்குத்தான் உரிமை. சின்ன வயதில் இந்த ர, ற-வுக்காகவே என் காதைத் திருகியவள்.

மகள் ஒப்புக்கொண்டாள். "பெரியம்மாவுக்கு நான்தாம்மா லிங்க் அனுப்பினேன். சந்தோஷப்படுவாங்கன்னு நினைச்சேன்."

அவமானத்தில் பதிவையே அழிக்கப் போனேன். அழித்தால் அவள் எழுதியதும் சேர்ந்து போய்விடும். இவ்வளவு நீளமாக அவள் என்னிடம் பேசி எத்தனை காலமாயிற்று! கை வரவில்லை.

கீழே எழுதினேன்: 'ஏன்க்கா?'

ஜூன் 16, திங்கள்

பதில் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

வந்துவிட்டது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

'போனில் நீ பேசுவது எனக்கு வண்டு கத்துவது மாதிரி இருக்கிறது. எத்தனை தடவைதான் என்ன, என்ன என்று கேட்பது? சரி சரி என்று வைத்துவிடுகிறேன். நீ எழுதினால் நன்றாகக் கேட்கிறது.'

கடை மேசையில் அழக்கூடாது என்று கழிவறைக்குப் போய்விட்டேன்.

புரியாமல் தலையாட்டுகிறவர்களை, சம்பந்தமில்லாத இடத்தில் சிரிக்கிறவர்களை, கடை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு எவ்வளவு பெருமை! சொந்த அக்கா 'சரி சரி' என்றால் மட்டும் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். மக்கு என்றது சரிதான்.

ஜூன் 26, வியாழன்

இப்போது எழுதுவது எளிதாக இருக்கிறது. 'உலக'த்துக்கு எழுதாமல் அக்காவுக்கு எழுதுகிறேன். அவளும் கீழே வந்துவிடுகிறாள். நேற்று, ஒரு மெஷின் வைத்துப் பார்க்கலாமே என்று மெதுவாகக் கேட்டேன். 'அதெல்லாம் கிழவிகளுக்கு. பேச்சை மாற்றாதே. மூன்றாவது வரியில் சந்திப்பிழை.'

எங்கள் கடையில் காதைச் சோதிக்கும் பெண் சொல்கிறாள்: "தப்பா நினைக்காதீங்க மேடம், உங்க அக்கா கமென்ட்டுக்காகத்தான் நான் உங்க பிளாக்குக்கே வர்றேன்."

பொறாமையாக இருந்தது. கொஞ்சம்தான்.

ஜூலை 2, புதன்

அறிவுரை எதுவும் சொல்லாமல் ஒரு பதிவு. மெஷின் வைத்துக்கொண்டு கடையை விட்டு இறங்கிய பெண், யாரோ பின்னால் வருகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவருடைய செருப்புச் சத்தம்தான் அது. அவ்வளவுதான் எழுதினேன். பெரிய ற எல்லாவற்றையும் சரிபார்த்தேன்.

அக்கா பிழை எதுவும் சொல்லவில்லை. 'சனிக்கிழமை கடை உண்டா? சும்மாதான் கேட்டேன்.'

ஜூலை 5, சனி

வந்தாள். நல்ல சேலை கட்டி, காது மறைகிற மாதிரி முடியை இழுத்து வாரியிருந்தாள். எங்கள் கடைப் பெண் காதைச் சோதித்து, மெஷினை மாட்டிவிட்டு என்னைப் பேசச் சொன்னாள். என்ன பேசுவது? பழக்க தோஷத்தில் கத்திவிட்டேன்.

"அக்கா! கேக்குதா?"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "ஏன்டி ஊரைக் கூட்டுறே? குரலைக் குறை."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பார்க்கக்கூடாதென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, வாய்க்குள்ளேயே கேட்டேன்.

"எந்த ர, அக்கா?"

"பெரிய ற, மக்கு" என்றாள் எனக்குப் பின்னாலிருந்து.

இன்று பதிவு எழுதவில்லை. பேசிக்கொண்டே இருந்துவிட்டோம்.