வீட்டுக்குள் சூரிய நேரம்

கொழும்பு
12.06.2025, காலை 10.00, நட்பு நேரம்

அன்புள்ள ஜெஸீமா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மகள் பஸ்லினாவும் சுகம்தானே?

கண்டிக்கு மாற்றம் கிடைக்கும்போல் இருக்கிறது. ஆறு வருடத்துக்குப் பிறகு ஒரே வீட்டில் இருக்கலாம். ஒரு தடைதான். புதன்கிழமை நேரப் பரிசோதகர் நம் வீட்டுக்கு வருவார். வீடு புது நேரத்துக்கு இணங்கியது என்று அவர் எழுதினால்தான் மாற்றம். வெள்ளிக்கு வெள்ளி நீ சாவி கொடுக்கும் சுவர் மணிக்கூட்டை மூன்றரை மணி முன்னே தள்ளி வை. நம் நாடு 1952இல் இந்தியாவை விட்டு ஜப்பானோடு கைகோத்தது. போன வருடம் மணிக்கூட்டையும் டோக்கியோவுக்குத் திருப்பி, நட்பு நேரம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நாம் மட்டும் என்ன செய்ய? அவர் போனதும் பழையபடி வைத்துக்கொள்.

ஹாஷிம்

கண்டி
18.06.2025, காலை 9.15, சூரிய நேரம்

பஸ்லினாட வாப்பாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நீங்கள் வரவேண்டுமென்று நடுராத்திரியில் எழும்பி தஹஜ்ஜுத் தொழுது அழுதவள் நான். ஆனாலும் மணிக்கூட்டைத் தொடவில்லை.

பரிசோதகர் அகீல் இன்று வந்தார். குடிக்கப் பிளேன்டியும் தின்னத் தொதலும் கொடுத்தேன்.

"மணிக்கூடு பிழையா ஓடுதே, ராத்தா."

"ஒங்கட கையில எத்தனை மணி, தம்பி?"

"பன்னிரண்டு."

"அப்ப உச்சி சாய்ஞ்சு லுஹரும் தொழுதிட்டீங்களா? வத்தேகமப் பக்கம் பாருங்க, சூரியன் இப்பதான் மலைக்கு மேல ஏறுது."

சிரித்துவிட்டார். பிறகு என் கொப்பியைக் காட்டினேன். விடியற்கால ஸுபஹ் பாங்குக்கு முன்னே பள்ளிக்கூட மணி அடிக்கிறது. இந்த வருடம் முப்பத்தொரு நாள் மகள் மேசையில் தூங்கியிருக்கிறாள். இருட்டில் மூன்று தரம் விழுந்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் திகதி போட்டிருக்கிறேன்.

"இதை ஜப்பான்காரன் கேட்டானா, தம்பி? கேக்காததையும் குடுக்கிறது நம்ம ஆக்கள்."

"நான் 'இணங்கவில்லை' எண்டு எழுதத்தான் வேணும், ராத்தா."

"எழுதுங்க. பேனை வேணுமா?"

நாளை முதல் பஸ்லினா விடிந்த பிறகுதான் பள்ளிக்கூடம் போவாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரும் கூடப் போகிறார்கள்.

நீங்கள் வராமல் போனால் அந்தப் பழி என்மேல்தான். சுமக்கிறேன். தொழுகிற வீட்டுக்குள் பொய் நேரம் வேண்டாம்.

துஆவுடன்,
ஜெஸீமா

கொழும்பு
20.06.2025, காலை 6.40

ஜெஸீமா,

மாற்றம் இல்லையென்று நேற்றுச் சொல்லிவிட்டார்கள். உன் கடிதமும் நேற்றே வந்தது. நேற்று முழுக்க உன்மேல் கோபம்.

இன்று ஸுபஹ் தொழுதுவிட்டு, விடிந்த பிறகு அலுவலகம் வந்தேன். வரவுப் புத்தகத்தில், சூரிய நேரத்துக்குத் திருப்பிய என் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதினேன். மேலதிகாரி கூப்பிட்டிருக்கிறார். போகுமுன் இதை எழுதுகிறேன்.

இன்று வெள்ளிக்கிழமை. மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்தாயா?

ஹாஷிம்