மச்சாள் தெரிஞ்செடுத்த தூண்டில் தடி

இஞ்சாருங்கோ,

திருக்கைக் குழம்பு குசினியில மூடியிருக்கு. நான் பூசைக்குப் போறன்.

அலுமாரியோட சாத்தியிருக்கிற புதுத் தூண்டில் தடி உங்களுக்குத்தான். உங்கட சுவிஸ் மச்சாள் தெரிஞ்செடுத்துத் தந்த தடி தூண்டில் நூல் சுத்துற உங்கட புது றீலுக்குச் சரிவராது. அது நீட்டு, நல்லாத் துவளுது. இந்த றீல் தடிக்கு மேல பூட்டுறது. பிடியில விரல் கொளுவக் கொக்கி வேணும். பழகிற ஆளுக்குக் கட்டையா, கொஞ்சம் விறைப்பா இருக்கிறதுதான் நல்லம்.

தங்கூசி நூல் சிக்கினால் வீட்டை கொண்டுவாங்கோ. மண்கும்பான் கடற்கரையில அவ றீலை மடியில வைச்சுச் சிக்கெடுக்க, நீங்கள் பக்கத்தில இருந்து சிரிச்சதைக் கண்டனான்.

யூலியட்

மச்சாள் வந்தால் தேத்தண்ணி குடுத்து, அவவின்ர தடியையும் குடுத்துவிடுங்கோ.

இன்னுமொண்டு. கொஞ்ச நாளா நீங்கள் எழும்ப முதல் உங்கட றீலை இந்தப் புதுத் தடியில பூட்டி வளவுக்குள்ள எறிஞ்சு பாக்கிறனான். எனக்கு இப்ப சிக்கிறேல்லை. உங்களைப் பழக்கிறதெண்டால் நான் பழக்கிறன்.