நம்ம ஸ்டேஷனில் நிற்காது

பிப்ரவரி 4

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம், அம்மாவின் முழங்காலைத் தவிர. அது தனிக்கட்சி. உன் அண்ணி தைலமும் கையுமாக அலைகிறாள்.

உங்கள் தலைமைக் குரு ஏப்ரல் பதினெட்டாம் தேதி எங்கள் ஊருக்கு வருகிறார் என்பது எனக்கு முன்பே உனக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்குப் புறநகர் ரயில் எப்படி ஓட வேண்டும் என்று திட்டம் போடுகிற வேலை யார் தலையில் விழுந்தது என்பது மட்டும் தெரிந்திருக்காது. சாமி பூதம் என்றால் நாலடி தள்ளி நிற்கும் உன் அண்ணன் தலையில்தான். "உங்க தங்கச்சி அவங்க மடத்துலதானே இருக்காங்க? அப்ப நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டார் பெரிய அதிகாரி. என்ன பொருத்தமோ.

திட்டம் இதுதான். வழக்கம்போல எல்லா ஸ்டேஷனிலும் நின்றால் மூன்றாவதிலேயே வண்டி நிரம்பிவிடும். நாலாவதில் நிற்கிறவன் மூடின கதவைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் நாற்பத்தாறு ஸ்டேஷனில் பதினொன்றை மட்டும் திறக்கிறேன். பாஸ் வாங்கினவர்கள் மட்டும் ஏறலாம். மதியம் வரை எல்லா வண்டியும் மைதானத்துக்கு ஆளைக் கொண்டுபோகும், இரண்டு மணிக்கு மேல் எல்லா வண்டியும் திரும்பக் கொண்டுபோகும். மைதானத்து ஸ்டேஷனைத் தவிர, அதைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் ஸ்டேஷன்களில் எதுவும் நிற்காது. பக்கத்தில் இருப்பவர்கள் நடந்து வரட்டும்.

ஆனால் எத்தனை பேர் வருவார்கள்? போலீஸ் பத்து லட்சம் என்கிறது. விழாக் குழு பதினைந்து என்கிறது. பேப்பர்காரன் இருபது என்று எழுதிவிட்டான். நீ உள்ளேயே இருக்கிறவள், உனக்கு ஏதாவது தெரியுமா? அவர் நிஜமாகவே காலை மூன்று மணிக்கு எழுந்துவிடுவாரா? ரயிலில் என்றைக்காவது ஏறியிருக்கிறாரா?

அம்மா கேட்கச் சொன்னது வேறு. நீயும் அவரோடு வருவாயா என்று கேட்டாள். அது ஒன்றுதான் அவள் கேள்வி.

அன்புடன்,
அண்ணன்

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாயாடி என்று உறையின் மேலேயே எழுதிவிட்டாய். கடிதங்களைப் பிரித்துக் கொடுக்கும் மூத்த அம்மா இரண்டு நாளாக என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்.

அம்மாவிடம் முதலில் சொல்லிவிடு: வருகிறேன். காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுக்கும் கூடாரத்தில் எனக்கு வேலை. வீட்டுக்குப் போக அனுமதி இல்லை, அது எங்கள் விதி. ஆனால் யாராவது என்னைத் தேடி வந்தால் பார்க்கலாம் என்று மூத்த அம்மா சொல்லிவிட்டார். ஒன்பது மணி முதல் பதினொன்று வரை. அதற்கப்புறம் எங்களைப் பிரார்த்தனைக்கு அழைத்துக்கொள்வார்கள், அங்கிருந்து அப்படியே பேருந்து. ஒன்பது வருஷத்துக்கு இரண்டு மணி நேரம் குறைச்சல்தான், ஆனாலும் எனக்கு இப்போதே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கூட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். போன ஊரில் பன்னிரண்டு லட்சம் என்று பேசிக்கொண்டார்கள். சமையலறையில் இருப்பவர்களை விசாரித்தேன். போட்ட தட்டு மூன்று லட்சத்துக்குக் கீழே, அதிலும் மீதி இருந்ததாம். நீ யாரைக் கேட்டாலும் தட்டு எத்தனை என்று கேள்.

அவர் எத்தனை மணிக்கு எழுகிறார் என்று எங்களுக்கே சந்தேகம்தான். ரயிலில் ஏறியிருக்கிறார். சின்ன வயதில் டிக்கெட் இல்லாமல் ஏறி மாட்டிக்கொண்டாராம், அவரே சொன்னது. உங்கள் பரிசோதகர்களிடம் போட்டுக்கொடுத்துவிடாதே.

இப்போது என் கேள்வி. ஆளை இறக்கிவிட்ட வண்டி காலியாகத்தானே திரும்பிப் போகும்? அப்போது ஓட்டுநர் யாருமில்லாத ஸ்டேஷனிலும் ஹார்ன் அடிப்பாரா?

அம்மாவை அழைத்து வா.

உன் தங்கை

மார்ச் 15

அன்புள்ள தங்கைக்கு,

(உறையில் ஒழுங்காக எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்.)

ஹார்ன் அடிப்பார். ஆள் இருக்கிறதோ இல்லையோ, நிற்காமல் தாண்டினால் அடித்தே ஆக வேண்டும்.

உன் தட்டுக் கணக்கை அதிகாரிகள் கூட்டத்தில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. குறைவாக நினைத்து நிறையப் பேர் வந்துவிட்டால் பிளாட்பாரத்தில் மிதிபட்டுச் சாவார்கள். நிறைய நினைத்துக் குறைவாக வந்தால் வண்டி காலியாகப் போகும், அவ்வளவுதான். எனக்குக் காலி வண்டி தேவலை.

ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. "நான்கு மணி நேரம் வரை காத்திருக்க நேரிடலாம். ஐந்து கிலோமீட்டர் நடக்க நேரிடலாம். கழிப்பறை வசதி குறைவு. முதியவர்கள் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது." ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. கொஞ்சம் பயமுறுத்தினால்தான் ஜனங்கள் சொன்னபடி கேட்பார்கள்.

அம்மாவும் கடைக்குப் போன இடத்தில் நின்று படித்திருக்கிறாள்.

"வயசானவங்க வர வேண்டாம்னு போட்டிருக்கே?"

"அது பொதுவா போட்டதும்மா."

"நம்ம ஸ்டேஷன்ல வண்டி நிக்குமா?"

"நிக்காது."

"நீதானே திட்டம் போடறே? நிறுத்த முடியாதா?"

நம் வீடு மைதானத்திலிருந்து நாலு கிலோமீட்டர்தான். போன வாரம் பெரிய அதிகாரி தன் மைத்துனருக்காக ஒரு ஸ்டேஷனைத் திறக்கச் சொன்னார். ஒருத்தருக்குத் திறந்தால் எல்லாருக்கும் திறக்கணும் சார் என்று முகத்துக்கு நேரே மறுத்துவிட்டு வந்தவன் நான். இன்றைக்கு என் அம்மாவுக்காக எப்படித் திறப்பேன்? அன்று அந்தப் பகுதியில் கார், ஆட்டோ எதுவும் போகாது, சாலையெல்லாம் மூடல்.

யோசித்துப் பார்த்தேன். அந்த நெரிசலில் அவளைக் கொண்டுவருவது சரியில்லை. அம்மா வரமாட்டாள், ஏமாந்து போகாதே. அடுத்த வருஷம் நானே அவளை உங்கள் மடத்துக்கு அழைத்து வருகிறேன். அவளிடமும் சொல்லிவிட்டேன். ஒன்றும் பேசவில்லை, புரிந்துகொண்டாள்.

அன்புடன்,
அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணாவுக்கு,

அம்மா வரமாட்டாள் என்று எழுதியிருக்கிறாய். வரமாட்டேன் என்று அம்மா சொன்னாளா? உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அம்மா அப்படிச் சொன்ன இடம் எங்கேயும் இல்லை.

ஆறு வருஷமாக உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். தாய் தகப்பன் இறந்தால் எங்களை மூன்று நாள் வீட்டுக்கு அனுப்புவார்கள். எங்கள் மடத்து அலுவலகத்தில் அவசரத்துக்கு ஒரு போன் இருக்கிறது. அந்த நம்பரை நான் கிளம்பும்போதே உன் கையில் எழுதிக் கொடுத்தேன். அப்பா போனபோது நீ கூப்பிடவில்லை. பதினோராம் நாள் கடிதம் போட்டாய். "உன்னை விடமாட்டார்கள் என்று தெரியும், வீணாக உன் மனதைக் கலைக்க வேண்டாம் என்றுதான் உடனே சொல்லவில்லை" என்று எழுதியிருந்தாய். எனக்கு அந்த வரி மனப்பாடம்.

விட்டிருப்பார்கள் அண்ணா. சொல்லியிருந்தால் வந்திருப்பேன். அப்பா முகத்தைப் பார்த்திருப்பேன்.

சொல்லி இனி என்ன ஆகப்போகிறது என்று இத்தனை நாள் விட்டுவிட்டேன். உன் போன கடிதத்தில் அதே வாசனை அடித்தது, அதனால் எழுதுகிறேன். நீ கெட்டவன் இல்லை. ஆனால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதை நீயே முடிவுகட்டி, அதற்கு ஏற்பாடும் செய்து முடித்துவிடுகிறாய்.

வடக்கு வாசல், ஏழாம் எண் கூடாரம். பதினொன்று வரை இருப்பேன். இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டு. உனக்கு மனம் வராவிட்டால் அண்ணி படித்துக் காட்டட்டும்.

தங்கை

ஏப்ரல் 21

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத நாலு முறை உட்கார்ந்தேன். அதை அப்புறம் எழுதுகிறேன். முதலில் பதினெட்டாம் தேதி நடந்ததைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

காலை ஐந்து பத்துக்கு முதல் வண்டி. ஆயிரத்து இருநூறு பேருக்கு இடம். ஏறியவர்கள் எண்பத்து மூன்று பேர். ஓட்டுநர் கண்ட்ரோல் ரூமுக்குக் கூப்பிட்டு, "சார், தும்மினா எதிரொலி கேக்குது" என்றார். விடியற்காலை, அப்படித்தான் இருக்கும் என்றேன். ஏழு மணிக்கு வருவார்கள் என்றேன். எட்டானது. ஒரு ஸ்டேஷனில் வரிசையை ஒழுங்குபடுத்த நாற்பது ஊழியர்கள், ஏற வந்தது ஒரே ஒரு குடும்பம். நாற்பது பேரும் அந்தக் குடும்பத்தை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டார்களாம். வயதான ஒருவர் பாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாரும் எங்கேப்பா?" என்று கேட்டாராம். எனக்கும் அதே கேள்விதான்.

ஏனென்றால் மைதானம் காலியாக இல்லை. மூன்று லட்சம் பேர் என்கிறார்கள், நீ சொன்ன அதே தட்டுக் கணக்கு. எங்கள் வண்டிகளில் வந்தவர்கள் எண்ணி ஒன்பதாயிரம். மீதிப் பேர் எப்படித்தான் வந்தார்கள்? மூன்று நாளாக எல்லாரையும் கேட்டுவிட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம்ம ஸ்டேஷனை மட்டும் நாற்பத்தொரு வண்டி நிற்காமல் தாண்டிப் போனது. எல்லாம் காலி. என் எதிரே திரையில் அது ஒவ்வொன்றாக ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இதோ கூட்டம் வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று நினைத்து அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. பத்தே முக்காலுக்குத்தான் எல்லா ஸ்டேஷனையும் திறக்கச் சொன்னேன். உன் நேரம் முடியக் கால் மணிதான் பாக்கி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "முட்டி வலியாம்மா?" என்றேன். "ஆமா" என்றாள். வெந்நீரை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். உன்னைப் பார்க்க முடியாத வருத்தம், வேறென்ன. உன் கடிதத்தை நான் படித்துக் காட்டவில்லை. மேஜை மேலேயே வைத்திருந்தேன்.

அன்புடன்,
அண்ணன்

மே 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

மீதிப் பேர் நடந்து வந்தார்கள். அவ்வளவுதான் ரகசியம். நீதானே நோட்டீஸில் போட்டிருந்தாய்? கூடாரத்துக்கு வந்த ஒவ்வொருவரையும் உனக்காக விசாரித்தேன். ஒரு அம்மாள், "ரயிலா? நாலு மணி நேரம் யாரு நிப்பா? நடந்தா ரெண்டு மணி நேரம்" என்றாள். உன் நோட்டீஸை எல்லாரும் நம்பினார்கள் அண்ணா. வரவேண்டாம் என்ற வரியை மட்டும் நம்பவில்லை.

அப்படி நடந்து வந்தவர்களில் அம்மாவும் உண்டு. அண்ணியும்.

மணி பத்து பத்து. நான் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்தவரிடம் தலை நிமிராமலே கேட்டேன், "யாரைக் காணோம்? வயசு என்ன?"

"பொண்ணு. முப்பத்தி நாலு. காணாம போய் ஒன்பது வருஷம் ஆச்சு."

பேனா என் கையிலிருந்து விழுந்துவிட்டது. கூடாரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு ஐம்பது நிமிஷம் அம்மாவின் கால் என் மடியில்தான் இருந்தது. என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் கை ஏன் இப்படிச் சொரசொரவென்று இருக்கிறது என்று நாலு தடவை கேட்டாள்.

காலை ஐந்தரைக்கே கிளம்பிவிட்டார்களாம். ரயில் பாதையை ஒட்டின தெருவிலேயே நடந்திருக்கிறார்கள். ஒவ்வொரு வண்டி தாண்டும்போதும் அம்மா நின்று பார்ப்பாளாம். "இதுவும் காலியாத்தான் போகுது. பாவம், அங்க உக்காந்து என்ன பாடு படறானோ" என்பாளாம். உன் காலி வண்டிகளுக்காக வருத்தப்பட்டது அன்றைக்கு ஊரிலேயே அவள் ஒருத்திதான் இருக்கும்.

ஏன் அண்ணாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா வேண்டாம்பான். என் நல்லதுக்குத்தான் சொல்வான். அதை மீறி வந்தா அவனுக்குக் கஷ்டம், வராம இருந்தா எனக்குக் கஷ்டம். சொல்லாம வந்துட்டா ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல பாரு."

உன்னிடம் சொல்லக் கூடாது என்று இருவரும் சத்தியம் வாங்காத குறை. சொல்லிவிட்டேன். உன்னிடம் மறைத்து வைக்க இன்னொரு விஷயம் எனக்கு வேண்டாம். அவர்களைத் திட்டாதே.

அப்பாவைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன் என்றாய். காத்திருக்கிறேன்.

உன் தங்கை

மே 14

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் போகிற வண்டியில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் கேட்டேன். "இப்ப என்ன, சத்தம் போடப் போறீங்களா?" என்றாள். "இல்ல. வழியில எங்கெங்க உக்காந்தீங்க?" என்றேன். கையிலிருந்த தைலப் புட்டியைக் கீழே வைத்தாள். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வங்கிப் படிக்கட்டு, தையல்கடை முக்காலி, ஒரு வீட்டு வாசலில் யாரோ கொண்டுவந்து போட்ட நாற்காலி. அம்மா உள்ளே இருந்து, "பூட்டின ஸ்டேஷன் படியிலயும் உக்காந்தோம், அதைச் சொல்லு" என்று குரல் கொடுத்தாள். அரை மணி நேரம் பேசினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் வீட்டில் இரண்டு பேர் எனக்குத் தெரியாமல் இவ்வளவு தூரம் போகும்படி நான் வைத்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

அப்பா போன அன்று உன் மடத்து நம்பர் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். உன்னை விடமாட்டார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கூப்பிட்டு, நீயே வரவில்லை என்று சொல்லிவிட்டால் அதை எப்படி அம்மாவிடம் போய்ச் சொல்வேன் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு நான் வைத்த பெயர்தான் மடத்து விதி. அப்பா முகத்தை நீ பார்க்காமல் போனதற்கு நான்தான் காரணம், உங்கள் மடம் இல்லை. என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கிறேன். மன்னிப்பாய் என்று நானாக எழுதிக்கொள்ளவில்லை.

ஜூலை ஒன்பதாம் தேதி அப்பா இறந்த நாள். அன்றைக்கு அனுமதி கிடைக்குமா, மூத்த அம்மா என்ன சொல்வார், இரண்டு நாள் பிரயாணம் உனக்கு ஒத்துக்கொள்ளுமா, எதையும் நான் யோசிக்கவில்லை. யோசித்தால் நானே முடிவுகட்டிவிடுவேன். அதனால் கேட்க மட்டும் செய்கிறேன்.

வருகிறாயா?

அண்ணன்